ஓய்வுபெற்ற தூதர் ஒருவர் கிளிநொச்சிக்குப் பேச வருகிறார்: எங்கள் ஊரார் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

எங்கள் வாசகர் வட்டத்தின் அழைப்பை ஏற்று, 2002 இல் அரசுக்கும் புலிகளுக்கும் இடையே நடந்த சமாதான முயற்சியின்போது இலங்கையில் பணியாற்றிய வெளிநாட்டுத் தூதர் ஒருவர் அடுத்த மாதம் கிளிநொச்சியில் பேசுகிறார். அழைப்பிதழ் கைக்குக் கைமாறத் தொடங்கிய நாளிலிருந்து, சந்தையிலும் முறிகண்டிப் பிள்ளையார் வாசலிலும் பஸ்ஸிலும் என்னை நிறுத்திக் கேட்கிறார்கள். எல்லாருக்கும் நின்று பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். நான் முப்பது ஆண்டுகள் வரலாறு படிப்பித்தவன். சமாதான காலம் முழுவதும் இந்த மண்ணில்தான் இருந்தேன்.

இவர் பேசுவதை நாங்கள் ஏன் கேட்க வேண்டும்? எல்லாம் முடிந்து எத்தனை ஆண்டுகள்!

இந்தக் கேள்வியைக் கேட்டவர் பரந்தனில் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர். கோபத்தோடுதான் கேட்டார். அந்தக் கோபம் எனக்கும் உண்டு.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அன்று தாய்லாந்திலும் ஒஸ்லோவிலும் பெர்லினிலும் ஜப்பானிலும் பேசப்பட்டது எங்கள் வீதி, எங்கள் பள்ளிக்கூடம், எங்கள் கடல், எங்கள் பிள்ளைகளின் உயிர் பற்றி. அந்த மேசையில் எங்களில் ஒருவரும் இருக்கவில்லை. மேசையருகே இருந்த ஒருவர் நேரில் வந்து எங்கள் முன்னால் அமர்கிறார். அவருடைய பேச்சைவிட, அவரிடம் நாங்கள் கேட்கப்போகும் கேள்விகளே எனக்குப் பெரிது. பேச்சு நாற்பது நிமிடம், கேள்விகளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று நாங்கள் முன்கூட்டியே அவரிடம் உறுதி வாங்கியதும் அதற்காகத்தான்.

அனுசரணை, மத்தியஸ்தம்: இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. மத்தியஸ்தர் தன் பங்குக்கு ஒரு தீர்வை முன்வைக்கலாம், இரு தரப்பையும் அழுத்தலாம். அனுசரணையாளர் இடம் ஒழுங்கு செய்வார், செய்தி கொண்டுபோவார், எழுத்தில் வந்ததைப் பாதுகாப்பார். நோர்வே ஏற்றுக்கொண்டது இரண்டாவது வேலையை. நோர்வேயின் சிறப்புத் தூதர் எரிக் சொல்ஹெய்ம் முதலானோர் கிளிநொச்சிக்கும் கொழும்புக்குமாக அலைந்தது அந்தப் பெயரில்தான்.

ஆனால் ஒரே நாடு அனுசரணையாளராகவும் இருந்தது, போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவுக்குத் தலைமையும் தாங்கியது. ஒரு கையால் இரு தரப்பையும் மேசைக்கு அழைத்துவர வேண்டும், மறு கையால் இவர் மீறினார், அவர் மீறினார் என்று தீர்ப்பு எழுத வேண்டும். இரண்டையும் ஒரே நாடு செய்தது சரியா என்று அவரிடம் கேளுங்கள். இது நாகரிகமான கேள்வி, கடினமான கேள்வியும்கூட.

ஓய்வுபெற்ற இராஜதந்திரிகள் ஏன் பிற்காலத்தில் மேடையேறுகிறார்கள்? உண்மையெல்லாம் சொல்வார்களா?

பதவியில் இருக்கும் தூதருக்குச் சொந்தக் கருத்து இல்லை. அவர் வாயிலிருந்து வருவது அவருடைய அரசின் கருத்து. ஓய்வுபெற்றபின் அந்தக் கட்டு தளர்கிறது, ஆனால் அறுந்துபோவதில்லை. அரச இரகசியம் காக்கும் கடமை பல நாடுகளில் ஓய்வுக்குப் பின்னும் தொடரும்.

அதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. ஒவ்வொருவரும் தன் வாழ்நாள் உழைப்பைக் காப்பாற்றிக்கொள்ளவே பேசுவார். இது பொய் சொல்வதாகாது, மனித இயல்பு. அனுசரணை செய்தவர் "இரு தரப்பும் விரும்பாதபோது நாங்கள் என்ன செய்வது" என்பார். கொழும்பில் அரசின் சமாதானச் செயலகத்தில் இருந்தவர் வேறு கதை சொல்வார். அந்தச் செயலகத்துக்குத் தலைமை தாங்கிய பேர்னாட் குணதிலக்கவும் தேர்ந்த இராஜதந்திரி, பின்னர் வந்த ஜயந்த தனபாலவும் அப்படித்தான். அன்று தாங்கள் சார்ந்திருந்த இடத்திலிருந்துதான் அவர்கள் பார்க்க முடியும். ஆகவே இவர் சொல்வதை ஒரு சாட்சியமாகக் கேளுங்கள். தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கோப்புகள் தனிக்கதை. பல நாடுகள் இருபது அல்லது முப்பது ஆண்டுகளுக்குப் பின் வெளியுறவுக் கோப்புகளைத் திறக்கின்றன. அவை ஒவ்வொன்றாக வெளிவரும்போது, இன்று நாங்கள் எழுதிவைக்கும் அவருடைய வார்த்தைகளை எங்கள் பேரப்பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

எனக்கு வயது இருபது. எந்தெந்த ஆண்டில் என்ன நடந்தது என்று சுருக்கமாகச் சொல்லுங்கள் சேர்.

2002 பெப்ரவரி 22: போர்நிறுத்த ஒப்பந்தம். புலிகளின் தலைவர் பிரபாகரன் அதற்கு முதல்நாள் வன்னியில் கையெழுத்திட்டார். பிரதமர் ரணில் விக்கிரமசிங்க 22 அன்று வவுனியாவில் கையெழுத்திட்டார். ஏப்ரலில் ஏ9 வீதி யாழ்ப்பாணம் வரை திறந்தது. அதே ஏப்ரல் 10 அன்று கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்புக்கு உலகமே வந்தது. செப்டெம்பர் முதல் 2003 மார்ச் வரை ஆறு சுற்றுப் பேச்சு. ஏப்ரலில் புலிகள் இடைநிறுத்தினார்கள். ஒக்டோபர் 31 அன்று புலிகளின் இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபை யோசனை வந்தது. நாலு நாளில் ஜனாதிபதி சந்திரிகா மூன்று அமைச்சுகளைத் தன் கையில் எடுத்தார். 2004 இல் புலிகளின் கிழக்குத் தளபதி கருணாவின் பிரிவு, ஆண்டு முடிவில் சுனாமி. 2006 இல் ஜெனீவாவில் இரண்டு முறை சந்திப்பு, இரண்டும் பயனில்லை. 2008 ஜனவரியில் அரசு ஒப்பந்தத்திலிருந்து விலகியது. 2009 மே.

அதற்கு முன்னரும் பேச்சுகள் இருந்தன: 1985 திம்பு, 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தம், 1989-90 இல் பிரேமதாசாவோடு, 1994-95 இல் சந்திரிகாவோடு. ஒவ்வொன்றுக்குப் பின்னும் முன்னதைவிடக் கொடிய போர் வந்தது. அதனால்தான் எங்கள் வயதுக்காரருக்குச் "சமாதானம்" என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு பதைக்கும்.

வருமுன் எதை வாசித்துவிட்டு வரவேண்டும்?

போர்நிறுத்த ஒப்பந்தத்தை. வேறெதுவும் வேண்டாம். சில பக்கங்கள்தான். வாசகசாலையில் தமிழ்ப் பிரதிகள் வைத்திருக்கிறோம்.

ஏன் இதை இத்தனை வற்புறுத்துகிறேன் என்று சொல்கிறேன். "பேச்சு ஏன் தோற்றது?" என்று கேட்டால், எந்த இராஜதந்திரியும் பத்து நிமிடம் அழகாகப் பேசுவார், நாங்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். "2.3 ஆம் பிரிவு என்ன ஆயிற்று?" என்று கேட்டால் அவர் நிமிர்ந்து உட்காருவார். அந்தப் பிரிவின்படி, படையினரோ புலிகளோ பிடித்துவைத்திருந்த பாடசாலைக் கட்டடங்களை 160 நாட்களுக்குள் விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் 2002 ஓகஸ்ட் தொடக்கம். வழிபாட்டிடங்களுக்கு 30 நாள். எந்தப் பாடசாலை திரும்பி வந்தது, எது வரவில்லை, வராதபோது யார் யாருக்குக் கடிதம் எழுதினார்? நான் படிப்பித்தவன், இந்தப் பிரிவை மறக்கமாட்டேன். மரத்தடியில் வகுப்பு நடத்தியவனுக்கு 160 என்பது வெறும் எண் இல்லை.

இன்னொன்று. கண்காணிப்புக்காக ஆறு மாவட்டங்களில் உள்ளூர்க் குழுக்கள் அமைப்பதாக ஒப்பந்தம் பெயர் குறித்துச் சொல்கிறது: யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை. கிளிநொச்சி இல்லை. முல்லைத்தீவு இல்லை. புலிகளின் ஆட்சி நடந்த இடத்தில், மக்கள் முறைப்பாடு கொடுக்க உள்ளூர்க் குழு ஒன்று எழுத்திலேயே இல்லை. பின்னர் கிளிநொச்சியில் கண்காணிப்பாளரின் தொடர்பு அலுவலகம் ஒன்று இயங்கியது, அவ்வளவுதான். இதை எழுதும்போது யாராவது எதிர்த்தார்களா? யாருக்கும் தோன்றவில்லையா? எனக்கு ஒரே ஒரு கேள்விக்குத்தான் இடம் கிடைக்கும் என்றால் இதைத்தான் கேட்பேன்.

4.4 ஆம் பிரிவையும் பாருங்கள். 14 நாள் முன்னறிவித்தல் கொடுத்துவிட்டு எந்தத் தரப்பும் விலகலாம். 2008 இல் அரசு அப்படியே செய்தது: ஜனவரி 2 இல் முடிவு, 16 இல் ஒப்பந்தம் காலாவதி. ஆறு ஆண்டு வாழ்க்கைக்கு இரண்டு வார முன்னறிவித்தல். வயலில் நெல் முற்றவும் அந்த அவகாசம் போதாது.

ஒஸ்லோவில் சமஷ்டியை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டன என்கிறார்களே, உண்மையா?

2002 டிசம்பரில் ஒஸ்லோவில் வெளியிட்ட அறிக்கையில் இருக்கும் வினைச்சொல்லைப் பாருங்கள். ஐக்கிய இலங்கைக்குள், தமிழ் பேசும் மக்களின் வரலாற்று வாழ்விடங்களில் உள்ளக சுயநிர்ணயம் என்ற அடிப்படையில், சமஷ்டி அமைப்பில் ஒரு தீர்வை "ஆராய" இணங்கினார்கள். ஏற்கவில்லை, ஆராய இணங்கினார்கள். இராஜதந்திர மொழியில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கடலே கிடக்கிறது. எங்களூரில் காணி பார்க்க வந்தவர் "யோசித்துச் சொல்கிறேன்" என்று போவதை விற்பனை முடிந்ததாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் அந்தச் சொல்லை மட்டும் வைத்து அதை வெறும் காகிதம் என்று தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. இரு தரப்பும் ஒரே தாளில் "சமஷ்டி" என்ற சொல்லைப் பார்த்தது அதற்கு முன் இல்லை. அந்த வாரத்தில் கிளிநொச்சியில் நாங்கள் வானொலியைச் சுற்றி நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

நான் விவசாயி. வெளியுறவுக் கொள்கைக்கும் எனக்கும் என்ன தொடர்பு?

பொருளாதாரத் தடைக் காலத்தில் உரமும் சீமெந்தும் பெற்றோலும் பற்றரியும் வன்னிக்கு வராமல், ஜாம் போத்தலில் விளக்குச் செய்து பிள்ளைகளைப் படிக்கவைத்தோம். அதற்குப் பின்தான் வீதி திறந்தது. அந்த வீதி திறப்பதும் மூடுவதும் வெளிநாட்டுத் தலைநகரங்களிலும் தீர்மானமாயிற்று. இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன்.

முதலாவது, வாஷிங்டன். 2003 ஏப்ரலில் உதவி வழங்கும் நாடுகளின் கூட்டம் அங்கே நடந்தது. அமெரிக்கா 1997 இலேயே புலிகளைத் தடைசெய்திருந்தது. அதனால் அவர்களை அந்த மண்ணுக்கு அழைக்க முடியாது. ஒரு வாரத்தில் அவர்கள் பேச்சை இடைநிறுத்தினார்கள். மீள்குடியேற்றம் நடக்காதது உட்பட வேறு காரணங்களும் சொன்னார்கள். ஜூன் மாதம் டோக்கியோவில் நாலு ஆண்டுக்கு 4.5 பில்லியன் டொலர் தருவதாக நாடுகள் வாக்களித்தன, புலிகள் போகவில்லை. அந்தப் பணம் சமாதானப் பேச்சின் முன்னேற்றத்தோடு கட்டப்பட்டிருந்தது. பேச்சே நின்றுவிட்ட பிறகு அந்தக் கட்டுக்கு என்ன பொருள்? கூட்டத்தை வேறு நாட்டில் வைத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? இதை அவரிடம் கேட்க வேண்டும்.

இரண்டாவது, பிரசெல்ஸ். 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்தது. உடனே புலிகள், ஒன்றியத்தைச் சேர்ந்த சுவீடன், டென்மார்க், பின்லாந்துக் கண்காணிப்பாளர்கள் வெளியேற வேண்டும் என்றார்கள். மூன்று நாட்டவரும் செப்டெம்பருக்குள் போய்விட்டார்கள். மிஞ்சியது நோர்வேயும் ஐஸ்லாந்தும். ஓகஸ்ட் 11 இல் முகமாலையில் சண்டை வெடித்து வீதி மூடப்பட்டது. ஒக்டோபர் இறுதியில் ஜெனீவாவில் சந்தித்தபோது, வீதியைத் திற என்பதில் தொடங்கிய பேச்சு அதிலேயே முடிந்தது. கண்கள் குறைந்த நேரத்தில்தான் காயங்கள் கூடின. தடை சரியா தவறா என்பது ஒரு கேள்வி. தடை போடும்போது கண்காணிப்பாளருக்கு என்ன ஆகும் என்று யாராவது யோசித்தார்களா என்பது வேறு கேள்வி. இரண்டாவதை மறக்காமல் கேளுங்கள்.

இந்தியாவைப் பற்றி இவர் பேசுவாரா?

கேட்டால் பேசுவார் என்றே நினைக்கிறேன். இந்தியா 1992 முதல் புலிகளைத் தடைசெய்திருந்தது, 2002 மேசையில் நேரடியாக இல்லை. ஆனாலும் நோர்வேத் தூதுவர்கள் அடிக்கடி புதுடில்லி சென்று விளக்கம் கொடுத்தார்கள். மேசையில் இல்லாதவருக்கு எத்தனை கனம் இருந்தது என்பதை, அருகில் நின்று பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் அச்சேயில் சமாதானம் வந்தது. எங்களுக்கு ஏன் வரவில்லை?

முல்லைத்தீவுக் கரையில் குடும்பத்தைக் கடலுக்குக் கொடுத்த ஒரு அம்மா இதைக் கேட்டார். ஒரே அலைதான் இரண்டு கரையையும் அடித்தது. அச்சேயில் எட்டு மாதத்துக்குள், 2005 ஓகஸ்ட் 15 அன்று, பின்லாந்தின் முன்னாள் ஜனாதிபதி மார்ட்டி அதிசாரியின் முயற்சியில் ஹெல்சிங்கியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அவரும் இராஜதந்திரியாகத் தொடங்கியவர். அங்கே போராளிகள் தனிநாட்டைக் கைவிட்டார்கள், அரசு உள்ளூர்க் கட்சிகளுக்கும் சுயாட்சிக்கும் இடம் கொடுத்தது, ஆயுதம் களைவதைக் கண்காணிக்க ஐரோப்பாவும் ஆசியான் நாடுகளும் சேர்ந்து ஆள் அனுப்பின.

எங்களுக்குக் கிடைத்தது சுனாமிப் பொதுக் கட்டமைப்பு. 2005 ஜூன் 24 இல் கையெழுத்து. ஜூலை நடுப்பகுதியில் உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளை இடைநிறுத்தியது. நிவாரணத்தைச் சேர்ந்து பகிர்வதற்கே இடமில்லை என்றானபின், நாட்டைச் சேர்ந்து பகிர்வது எப்படி? ஓகஸ்டில் வெளியுறவு அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் கொல்லப்பட்டார். அச்சே ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்த அதே வாரத்தில் கொழும்பில் அவசரகாலச் சட்டம் நடந்துகொண்டிருந்தது.

பேச்சில் பெண்கள் இருந்தார்களா?

பெரிய மேசையில் அரிது. ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று இங்கேயே நடந்தது. 2003 மார்ச்சில், இரு தரப்பிலும் ஐந்து பெண்கள் வீதம், பால்நிலை விவகாரங்களுக்கான உபகுழு கிளிநொச்சியில் கூடியது. அரசு தரப்புக்குப் பேராசிரியர் குமாரி ஜயவர்த்தன, புலிகள் தரப்புக்குத் தமிழினி, அனுசரணைக்கு நோர்வேயின் அஸ்திரிட் ஹைபெர்க். கொழும்பிலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்த பெண்கள் ஒரே மேசையில், எங்கள் ஊரில். அடுத்த மாதம் எல்லாம் நின்றது. அந்தக் குழுவையாவது தனியாக நடக்க விட்டிருக்கலாம் என்று நான் இன்றும் வருந்துகிறேன்.

பிள்ளைகளைப் புலிகள் கொண்டுபோனதைப் பற்றி வெளிநாட்டவர் முன்னால் கேட்கலாமா? எங்கள் ஆட்களைக் காட்டிக்கொடுப்பதாகாதா?

கேட்கலாம். கேட்க வேண்டும். இந்தக் கேள்வியைத் தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டவர்கள் ஒருவர் இருவர் இல்லை.

சமாதான காலத்திலும் என் வகுப்பில் இடங்கள் காலியாயின. சில பிள்ளைகள் தாமாகப் போனார்கள், சிலர் கொண்டுபோகப்பட்டார்கள். வன்னியை விட்டு வெளியேறவும் புலிகளின் பாஸ் வேண்டும். கண்காணிப்புக் குழு புலிகள் மீது பதிந்த மீறல்களில் சிறுவர் சேர்ப்புக்குப் பெரும் பங்கு உண்டு. 2003 இல் சிறுவருக்கான செயற்திட்டம் ஒன்றுக்கு இரு தரப்பும் இணங்கின, விடுவிக்கப்படும் பிள்ளைகளுக்காகக் கிளிநொச்சியில் இடைத்தங்கல் நிலையம் திறந்தது. ஆனாலும் சேர்ப்பு நிற்கவில்லை.

ஒப்பந்தத்தின் 2.1 ஆம் பிரிவு பொதுமக்களைக் கடத்துவதையும் துன்புறுத்துவதையும் தடைசெய்கிறது. தடைசெய்தது சரி, மீறினால் என்ன செய்வது என்று எழுதவில்லை. மனித உரிமைக்கு ஒரு வழிவரைபடம் தயாரிக்கும் பணி 2003 தொடக்கத்தில் மனித உரிமை ஆலோசகர் இயன் மார்ட்டினிடம் கொடுக்கப்பட்டது. ஏப்ரலில் பேச்சு நின்றது. பேச்சு குலையக்கூடாது என்று பிள்ளைகளின் விடயத்தை மெதுவாகப் பேசினார்களா? அப்படியானால் அந்த மென்மையின் விலையை யார் கொடுத்தது? ஒரு தாய் இதைக் கேட்டால் அது காட்டிக்கொடுப்பு ஆகாது. அவளுக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு?

2008, 2009 பற்றி இவரால் என்ன சொல்ல முடியும்?

அப்போது அவர் இங்கே பதவியில் இல்லை. ஆனாலும் சில விடயங்கள் வெளிப்படையாகப் பதிவாகியிருக்கின்றன. 2008 செப்டெம்பரில் ஐ.நா. நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டுப் போனபோது, போகாதீர்கள் என்று சனம் வாசலில் நின்று கெஞ்சியது. ஐ.நா.வே தன் செயற்பாட்டை ஆராய்ந்து 2012 இல் அதைத் தோல்வி என்று எழுதியது. 2009 பெப்ரவரியில் நோர்வே, ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகிய, சமாதான முயற்சியின் இணைத்தலைமைகள், ஆயுதங்களைக் கீழே வைப்பது பற்றிப் புலிகள் அரசோடு பேச வேண்டும் என்று அறிக்கை விட்டன. அந்த நாட்களில் நாங்கள் பங்கருக்குள் ஷெல் எண்ணிக்கொண்டிருந்தோம், அறிக்கை எங்களை வந்தடையவில்லை.

காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்களுக்கு முன்வரிசை ஒதுக்கியிருக்கிறோம். அவர்கள் நேரக் கட்டுப்பாடு இல்லாமல் பேசலாம். இவரிடம் விடை இருக்காது என்று அவர்களுக்கும் தெரியும். "கேட்கிறவர் எழுதிக்கொண்டு போகட்டும்" என்று ஒரு அம்மா சொன்னார்.

கேள்வி கேட்டால் பின்னால் யாராவது வந்து விசாரிப்பார்களா? பயமாக இருக்கிறது.

இந்தப் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. பெயர் எழுதாமல் துண்டுக் கடதாசியில் கேள்வியைப் பெட்டியில் போடலாம். நாங்கள் வாசிப்போம். வருகைப் பதிவு வைக்கவில்லை. படம் எடுப்பவர்கள் பார்வையாளர் பக்கம் திரும்பக்கூடாது என்று சொல்லியிருக்கிறோம்.

எந்த மொழியில் பேசுவார்?

ஆங்கிலத்தில். தமிழில் மொழிபெயர்ப்பு உடனுக்குடன் உண்டு. உங்கள் கேள்வியைத் தமிழிலேயே கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் எதையும் மென்மையாக்காமல் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறோம்.

அந்தக் காலத்துப் பொருள் ஏதாவது வீட்டில் இருக்கிறது. கொண்டுவரலாமா?

கட்டாயம் கொண்டுவாருங்கள். பாஸ் துண்டு, ஓமந்தைச் சோதனைச் சாவடியில் கொடுத்த சீட்டு, கண்காணிப்பாளரிடம் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி, எதுவானாலும். 2009 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியவர்கள் நாங்கள், எஞ்சியது சொற்பம். மண்டபத்து மூலையில் மேசை போட்டு வைப்போம், பிரதி எடுத்துவிட்டு அன்றே திருப்பித் தருவோம். புதுக்குடியிருப்பிலிருந்து ஒருவர் ஏற்கெனவே ஒன்று கொடுத்தனுப்பியிருக்கிறார்: அப்பியாசக் கொப்பித் தாள், 2004 ஆம் ஆண்டுத் திகதி, மகனின் பெயர், வயது பதினைந்து. முள்ளிவாய்க்காலைத் தாண்டி அவர் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தது அந்த ஒரு தாளைத்தான்.